பழைய பட்டுப் புடவையும் கத்தரி வெயிலும்

"பழைய பட்டுப் புடவை வாங்கறது... கிழிஞ்ச பட்டு, ஜரிகை வாங்கறது..."

பங்குனி தாண்டிவிட்டால் எங்கள் தெருவில் ஐஸ் வண்டி மணியைவிட இந்தக் குரல்தான் அதிகம் கேட்கும். கல்யாண சீசன் பார்த்து வருவார்கள். புதுப் பட்டு எடுக்கப் பணம் புரட்டுகிற வீட்டில், பீரோவின் அடித்தட்டில் பழசு ஒன்று கிடக்கும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். காஞ்சிபுரத்திலேயே இப்படியா என்று வெளியூர்த் தோழிகள் கேட்பார்கள். இங்கேதான் அதிகம். நெய்கிற ஊரில்தானே கிழிந்ததும் இருக்கும்!

விற்பதா, வைத்துக்கொள்வதா? அதை முடிவு செய்யும் முன் நம் கையில் இருப்பது என்ன சரக்கு என்று தெரிய வேண்டும். 2005-06இல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அசல் ஜரிகைக்கு ஒரு கணக்கு சொல்வார்கள். 100 பங்கில் வெள்ளி 40, செம்பு 35.5, பட்டு 24, தங்கம் அரைப் பங்கு. தங்க ஜரிகை, தங்க ஜரிகை என்று நாம் சொல்வதெல்லாம் மேல்பூச்சைத்தான். தெருவில் கூவிக்கொண்டு வருகிறவர் தேடுவது உள்ளே இருக்கும் வெள்ளியை. புடவையை எரித்து, சாம்பலிலிருந்து வெள்ளியைப் பிரித்து எடுப்பார்கள்.

அதனால் முந்தானை ஓரத்திலிருந்து ஒரே ஒரு ஜரிகை இழையை உருவி, நகத்தால் அழுத்திச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே சிவப்புப் பட்டு தெரிந்தால் நல்ல சரக்கு. இன்னொன்று: ஜரிகை கறுத்துவிட்டது, அப்படியானால் போலிதான் என்று பலபேர் வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். வெள்ளியும் செம்பும் இருந்தால் கறுக்கத்தான் செய்யும். கறுத்ததை வைத்து மட்டம் தட்டுகிறவரிடம் விற்காதீர்கள். வீட்டிலேயே எடை போட்டு வைத்துக்கொண்டு ரெண்டு இடத்திலாவது விலை கேளுங்கள்.

ஆனால் என் யோசனை, விற்பது கடைசி. அதற்கு முன் புடவையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். மடிப்பு விழுந்த இடங்களில் உடல் பகுதி கோடு கோடாக விட்டிருக்கும். கரை மட்டும் நேற்றுதான் தறியிலிருந்து இறக்கின மாதிரி நிற்கும். பழைய கோர்வைப் புடவையில் இதை நன்றாகப் பார்க்கலாம். கோர்வை என்றால் உடலுக்கு ஒரு நாடா, ரெண்டு கரைக்கும் ஒவ்வொன்று என மூன்று நாடா ஓட்டி, உடலின் ஊடையையும் (குறுக்கு இழை) கரையின் ஊடையையும் ஒன்றோடு ஒன்று கோர்த்து நெய்வது. தறிக்குழியில் நெய்கிறவர் ஒருவர் போதாது, பக்கத்தில் கோர்வை வாங்க இன்னொரு ஆள் வேண்டும். அந்த இடத்தில் சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்த காலம் ஒன்று இந்த ஊருக்கு உண்டு. கோடை விடுமுறைக்கு மட்டுமல்ல, பள்ளிக்கூடத்தையே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்த பிள்ளைகள். இப்போது என் மகள் "போர் அடிக்குதும்மா" என்று வந்து நிற்கும்போது எங்கள் வீட்டு அத்தை அவளை ஒரு பார்வை பார்ப்பார்கள். ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

சரி, கிழிந்த பட்டில் என்ன செய்யலாம்? யூடியூபில் பார்த்தால் பட்டுப் புடவையை வெட்டிக் குஷன் உறை, விளக்குக்கு உறை, காய்கறிப் பை என்று என்னென்னவோ செய்கிறார்கள். காய்கறிப் பையைப் பார்த்ததும் எனக்குக் கோபமே வந்துவிட்டது. நைந்த பட்டு பாரம் தாங்காது. ரெண்டு கிலோ வெங்காயம் போட்டால் தெருவிலேயே விட்டுவிடும். அதைவிட மோசம், கிழியாத நல்ல புடவையை 'மேக்ஓவர்' என்று கத்தரியால் வெட்டுவது. கட்டிக்கொள்ள முடிகிற புடவையைக் கட்டிக்கொள்ளுங்கள். வெயில் படாமல் நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி, பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்தால் அதற்கு இன்னும் பல வருஷம் ஆயுசு.

கிழிந்துதான் விட்டது என்றால், முதல் உரிமை வீட்டுப் பெண் குழந்தைக்கு. பட்டுப்பாவாடை. ரெண்டு பக்கமும் கரை வைத்த ரெட்டைப் பேட்டுப் புடவையாக இருந்தால் அதிர்ஷ்டம். புடவையின் அகலம் ஏறக்குறைய 48 அங்குலம். நட்ட நடுவில் நீளவாக்கில் வெட்டினால் 24, 24 என்று ரெண்டு துண்டு, ரெண்டிலும் கீழே கரை. நாலைந்து வயதுப் பிள்ளைக்கு உயரம் அதுவே போதும். கொசுவத்துக்கு 2 மீட்டர் இருந்தால் தாராளம். நைந்த இடங்களை ஒதுக்கியே அக்கா தங்கை ரெண்டு பேருக்கும் ஆகிவிடும்.

எங்கள் வீட்டில் ஒரே பெண். அதனால் நான் வெட்டுகிற கணக்கு வேறு. ஒரு கரையிலிருந்து 30 அங்குலம் பாவாடைக்கு, மீதி 18 அங்குலம் சட்டைக்கு. பாவாடையில் கூடுதலாக வருகிற 6 அங்குலத்தை வெட்டி எறியாமல், கரைக்கு மேலே உள்பக்கமாக மூன்று டக் பிடித்துவிடுவேன். வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டால் பிள்ளையோடு பாவாடையும் வளரும். டக்கை மெஷினில் நெருக்கமாகத் தைக்காதீர்கள். பிரிக்கும்போது பட்டில் ஊசித் துளை வரிசையாக நிற்கும். கையாலேயே நீளத் தையலாக, பட்டு நூலில் போடுங்கள்.

உள்ளே லைனிங் கட்டாயம். கடையில் வாங்க வேண்டாம், நாலு முழ வேட்டி ஒன்று பழசானால் போதும். லைனிங்கைத் தனிப் பாவாடை மாதிரி தொங்க விடாமல், பட்டுக்குப் பின்னால் வைத்து ரெண்டையும் ஒரே துணி மாதிரி டாக்கா போட்டுப் பிறகு கொசுவம் பிடியுங்கள். அப்போது இழுவையெல்லாம் வேட்டித் துணியில் விழும், பட்டு மேலே அழகுக்கு மட்டும் நிற்கும். ஜரிகைக் கரையின் பின்பக்கம் குழந்தையின் காலில் உரசாமலும் இருக்கும். பட்டுப்பாவாடை குத்துகிறது என்று கழற்றிப் போடுகிற பிள்ளைகள் முக்கால்வாசிப் பேருக்குக் குத்துவது அந்தப் பின்பக்கம்தான்.

உடல் பகுதி முழுக்கவே போய்விட்டதா? கரையை மட்டும் அரை அங்குலம் உடலோடு சேர்த்து வெட்டியெடுங்கள். கரையின் விளிம்பிலேயே வெட்டினால் கோர்வை பிரிந்துவிடும். அந்த அரை அங்குலத்தை உள்ளே மடித்து, ஒற்றை நிறக் காட்டன் புடவையில் வைத்துத் தைத்தால் புதுப் புடவை. நாத்தனாருக்கு மாம்பழ மஞ்சள் காட்டனில் அரக்குக் கரை வைத்துக் கொடுத்தேன். காந்தி ரோடு பட்டுக் கடையில் எடுத்ததா என்று அவர்கள் ஆபீசில் கேட்டார்களாம். துணி, நூல் எல்லாம் சேர்த்து அந்தக் கடையில் ஒரு ரவிக்கைத் துணி வாங்குகிற காசுகூட ஆகவில்லை.

எங்கள் வீடு மாதிரி தறி இருக்கிற வீடு என்றாலே "உங்களுக்கென்ன, மிச்ச நூல் நிறைய இருக்குமே" என்பார்கள். அது அப்படி இல்லை. நெய்யக் கொடுக்கிறவர்கள் பட்டையும் ஜரிகையையும் எடை போட்டுத்தான் கொடுப்பார்கள், நெய்த புடவையையும் எடை போட்டுத்தான் வாங்குவார்கள். பெங்களூர் பக்கத்திலிருந்து பட்டு, சூரத்திலிருந்து ஜரிகை, ரெண்டும் கிராம் கணக்கு. பிரியதர்ஷன் எடுத்த 'காஞ்சிவரம்' படத்தில், மகள் கல்யாணத்துக்கு ஒரு பட்டுப் புடவை நெய்வதற்காகப் பிரகாஷ்ராஜ் வாயில் நூலை அடக்கிக்கொண்டு வருவாரே, அந்தக் கதைக்குப் பின்னால் இருப்பது இந்தத் தராசுதான். எங்களுக்கு நிஜமாக மிஞ்சுவது, பாவு (தறியில் ஏற்றிய நீள இழை) முடிந்து அடுத்த பாவைப் பிணைக்கும்போது விழுகிற துண்டு நூல். முழ நீளம் இருந்தால் பெரிய விஷயம்.

அந்தத் துண்டுக்கும் வேலை உண்டு. பிளாஸ்டிக் வளையல் நிறம் போனவை எல்லார் வீட்டிலும் கிடக்கும். ரெண்டை ஒட்டி அகல வளையலாக்கி, 20 இழையை ஒன்றாகப் பிடித்து, இடைவெளி தெரியாமல் சுற்றிக்கொண்டே போக வேண்டும். முறுக்கக் கூடாது, சீப்பால் வாரின மாதிரி தட்டையாக வர வேண்டும். நூல் தீர்கிற இடத்தில் உள்பக்கம் பசை வைத்து அடுத்த துண்டை ஆரம்பியுங்கள். பட்டு நூல் வளையல் என்று ஃபேன்சி ஸ்டோரில் விற்கிறதில் பெரும்பாலும் ரேயான் நூல்தான் இருக்கும். அதுவும் மின்னும், குழந்தைகள் பழகுவதற்கு அதுவே போதும். என் மகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் மத்தியானம் முழுக்க இதில் உட்கார்ந்துவிடுவார்கள். வெயிலில் அலையாமல் இருந்தால் சரி.

வெயில் என்றதும் அடுத்தது வடாம். மே 4 வாக்கில் கத்தரி ஆரம்பித்தால் 28 வரைக்கும் மொட்டைமாடி சும்மா இருக்கக் கூடாது என்பது அத்தையின் சட்டம்.

எங்கள் ஊரில் நெசவாளர்கள் இருக்கிற பிள்ளையார்பாளையம் பக்கம் விடியற்காலையில் வந்திருக்கிறீர்களா? தெருவின் நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி போட்டு, இழை பிரித்துக் காயவிடுவார்கள். மழைக்காலத்தில் இந்த வேலை படுத்துவிடும். கோடையில்தான் நிம்மதி, அதுவும் வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். கீழே பாவுக்குக் கஞ்சி, மேலே மாடியில் வடாத்துக்குக் கஞ்சி. ஒரே அரிசி, ஒரே வெயில்.

அத்தையின் கூழ் வடாம் அளவு இதுதான். ஒரு டம்ளர் பச்சரிசி மாவு, கால் டம்ளர் ஜவ்வரிசி, ஆறிலிருந்து ஏழு டம்ளர் தண்ணீர். ஜவ்வரிசியை முந்தின ராத்திரியே ஊறப் போட்டுவிடுங்கள். விடிகாலை 5 மணிக்குத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஜவ்வரிசியைப் போட்டு, கண்ணாடி மாதிரி ஆனதும், கரைத்து வைத்த மாவை ஊற்றிக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது. அதுதான் பதம். இறக்கிய பிறகு பச்சை மிளகாய் விழுது, பெருங்காயம், உப்பு, கடைசியில் எலுமிச்சம்பழச் சாறு. உப்பை வாயில் வைத்துப் பார்க்கும்போது "கொஞ்சம் கம்மியா இருக்கே" என்று தோன்ற வேண்டும். சரியாக இருந்தால் அது அதிகம். தண்ணீர் வற்றும், உப்பு வற்றாது.

மாடியில் பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து, கரண்டியால் வட்டமாக ஊற்றவும். பிளாஸ்டிக் ஷீட்டில் ஊற்றினால் உரித்தெடுப்பது சுலபம், உண்மைதான். ஆனால் அடிப்பக்கம் வேர்க்கும். துணியில் மேலும் கீழும் காயும். சாயங்காலம் துணியைத் திருப்பிப் போட்டு, முதுகில் லேசாகத் தண்ணீர் தெளித்து ரெண்டு நிமிஷம் விட்டால் அப்பளம் மாதிரி கழன்று வரும். மறுநாளும் அதற்கு மறுநாளும் தட்டில் போட்டுக் காயவைத்து, உடைத்தால் 'டக்'கென்று சத்தம் வந்த பிறகுதான் டப்பாவில் போட வேண்டும். காக்காய்க்குக் கறுப்புக் குடை ஒன்றை விரித்து வைத்தால் போதும். எங்கள் வீட்டில் குடைக்கு அடியில் மகளும் உட்கார்ந்திருப்பாள். அரை காய்ச்சல் வடாத்தில் காக்காய் தின்றதைவிட அவள் தின்றதுதான் அதிகம்.

கத்தரி வெயிலில் மூன்று வேளையும் அடுப்படியில் நிற்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். காலையில் பழைய சோறும் மோர்மிளகாயும், இல்லையென்றால் கேழ்வரகுக் கூழும் மாங்காய்த் துண்டும். மத்தியானத்துக்கு வெள்ளரிப்பிஞ்சுப் பச்சடி, மோர்க்குழம்பு, சுட்ட வடாம். இதற்கு மேல் யாராவது கேட்டால் அவர்களே சமைத்துக்கொள்ளட்டும்.

ஒன்றுக்கு மட்டும் நான் மெனக்கெடுவேன். கோயில் இட்லி. வரதராஜப் பெருமாளுக்கு நைவேத்தியமாகப் போகிற குடலை இட்லி. மூங்கில் குடலையில் மந்தாரை இலையைச் சுற்றிலும் வைத்து, மாவை ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைப்பார்கள். ஊருக்கு வருகிறவர்கள் ஓட்டலில் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு "கொஞ்சம் கெட்டியா இருக்கே" என்பார்கள். மல்லிகைப்பூ இட்லி மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்தால் அப்படித்தான் தோன்றும். இது வேறு ஜாதி. மிளகு, சீரகம், சுக்கு, நெய் எல்லாம் சேர்ந்திருப்பதால் வெயில் காலத்திலும் மறுநாள் வரைக்கும் ஊசாது. வீட்டில் செய்ய இந்தக் காரணம் ஒன்றே எனக்குப் போதும். ஒரு வேளை செய்தால் ரெண்டு வேளைக்கு அடுப்பு இல்லை.

குடலை வேண்டாம், எவர்சில்வர் டம்ளர் போதும். பச்சரிசி ஒரு பங்கு, புழுங்கலரிசி ஒரு பங்கு, உளுந்து ஒரு பங்கு. ஊறவைத்து, கையில் ரவை மாதிரி நெருடும்படி அரையுங்கள். நைசாக அரைத்தால் சாதாரண இட்லிதான் வரும். இந்த வெயிலுக்கு ஐந்தாறு மணி நேரத்தில் புளித்துவிடும். ராத்திரி முழுக்க விடாதீர்கள். நெய்யும் நல்லெண்ணெயும் சூடாக்கி, ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகு சீரகம், சுக்குப் பொடி, பெருங்காயம், கறிவேப்பிலை பொரித்து மாவில் கொட்டிக் கலக்கவும். டம்ளரின் உள்ளே, தணலில் வாட்டிய வாழையிலையைச் சுருட்டி வைத்து, முக்கால் அளவு மாவு ஊற்றி, இட்லிப் பானையில் நிறுத்தி 25 நிமிஷம். ஈர்க்குச்சி குத்திப் பார்த்து, ஒட்டாமல் வந்தால் எடுக்கலாம். ஆறினதும் கவிழ்த்து வட்ட வட்டமாக வெட்டி, மிளகாய்ப் பொடியோடு சாப்பிடுங்கள். மந்தாரை இலை கிடைத்தால் அதையே வையுங்கள், அந்த வாசனை வாழையிலையில் வராது.

அதே வரதராஜப் பெருமாளின் வைகாசி கருட சேவைக்கு விடியற்காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடும். அன்றைக்கு எங்கள் தெருவிலும் நீர்மோரும் பானகமும் கொடுப்பார்கள். பானகத்துக்கு வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. அவ்வளவுதான்.

கடைசியாக, இந்த லீவில் பிள்ளைகளோடு செய்ய ஒன்று. ஆறு மாதப் பேப்பரைக் கடையில் போட்டால் என்ன வந்துவிடப் போகிறது? அதைக் கிழித்து ரெண்டு நாள் ஊறப்போட்டு, ஒரு கைப்பிடி வெந்தயத்தையும் ஊறவைத்து, ரெண்டையும் சேர்த்து ஆட்டுக்கல்லில் அரையுங்கள். மிக்சியில் என்றால் கொஞ்சம் கொஞ்சமாக. வெந்தயத்தின் வழவழப்புதான் பசை, கசப்புக்குப் பூச்சி வராது. அந்தக் காலத்தில் முறத்தின் சந்துகளை அடைக்க இதைத்தான் மெழுகுவார்கள். ஒரு சொம்பையோ குடத்தையோ கவிழ்த்து, மேலே ஈரத்துணி போர்த்தி, இந்தக் கூழை விரல் கனத்துக்கு அப்பி, இந்த வெயிலில் வைத்தால் ரெண்டு மூன்று நாளில் கழன்று வரும். கிண்ணம் ரெடி. உள்ளே பழைய பட்டுத் துண்டை ஒட்டி, வளையல் போட்டு வைக்கலாம். கை நன்றாக வந்துவிட்டால் அடுத்தது தலையாட்டி பொம்மைதான் என்று என் மகள் அறிவித்திருக்கிறாள்.

பொம்மை என்றால் அதற்கென்றே இந்த ஊரில் பொம்மைக்காரத் தெரு இருக்கிறது. களிமண்ணிலும் காகிதக் கூழிலும் கொலு பொம்மை செய்கிற குடும்பங்கள். 2019இல் வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்திவரதர் 48 நாள் தரிசனம் கொடுத்தபோது, இந்தத் தெரு அத்திவரதர் பொம்மைகளாலேயே நிறைந்தது. மற்ற வருஷங்களில் அத்தனை கூட்டம் வராது. நவராத்திரி புரட்டாசியில்தான் என்றாலும் வார்ப்பதும் காயவைப்பதும் பல மாதம் முன்பே ஆரம்பித்துவிடும். ஈரம் உள்ளே நின்றால் பெயிண்ட் உரிந்துவிடும், ஆகவே இந்த வெயில் அவர்களுக்கும் வேண்டியிருக்கிறது. வீட்டில் ஒரு கிண்ணம் செய்து பார்த்தவர்களுக்கு அந்த வேலையின் அருமை தெரியும். கோயிலுக்கு வரும்போது பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அந்தத் தெருவுக்கும் ஒரு நடை போய், செய்கிறதைப் பார்த்துவிட்டு, ஒரு பொம்மையாவது செய்கிறவர் கையிலிருந்தே வாங்கிப் போங்கள். தயவுசெய்து அங்கே மட்டும் பேரம் பேசாதீர்கள்.